துடைத்து வைத்த நடைபாதை

அக்காவுக்கு நடக்க முடியாது, சைக்கிள் ஓட்ட முடியும். இதைக் கேட்டவர்கள் முதலில் சிரிப்பார்கள். வலது முழங்காலில் எலும்பும் எலும்பும் உரசுவதாக மருத்துவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருந்தார். காலை ஊன்றி உடம்பின் பாரத்தை அதன்மேல் இறக்கும்போதுதான் வலி உயிரை எடுக்கும். சீட்டில் உட்கார்ந்துவிட்டால் பாரம் சீட்டோடு போயிற்று; கால்கள் சும்மா சுற்றினால் போதும். வீட்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள், கடை வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். நடுவில் இருக்கிற தூரம் முழுக்க அவளுக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

"கீழ நின்னா கிழவி, மேல ஏறிட்டா குமரி" என்பான் இஸ்திரிக்காரன். அவளோடு ஒரே அறையில் வேலை பார்ப்பவன். நாள் முழுவதும் நீராவிக்குள் நிற்பதால் கடையில் அவனுக்கு ஆவி என்று பெயர்.

கடை, நகரின் நடுவே, ரவுண்டானாவிலிருந்து பிரியும் கடைவீதியில் இருந்தது. பெரிய ரெடிமேட் துணிக்கடை. பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, கோட்டின் தோளை இறக்குவது, கவுனின் இடுப்பைப் பிடிப்பது எல்லாம் மாடியில், ஆல்டரேஷன் அறையில் நடக்கும். அந்த அறைக்கு ஒரே கண்ணாடி ஜன்னல். அதையும் ஆணி அடித்து மூடியிருந்தார்கள், ஏனென்றால் வெளியே கடையின் பெயர்ப்பலகை ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது. பலகையில் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இருந்த இடைவெளி வழியாகத்தான் அக்காவுக்கு வெளியுலகம் தெரியும். அந்த வெளியுலகம் என்பது நடைபாதையில் ஒரு துண்டு, அந்தத் துண்டில் அவளுடைய சைக்கிள். நூலை அறுக்கும்போதெல்லாம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

எட்டிப் பார்க்கக் காரணம் இருந்தது. கடைவீதியில் சைக்கிளுக்கென்று ஓர் இடம் கிடையாது. ஆனால் சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். பேக்கரியில் மாவு பிசைகிறவர்கள், மருந்துக்கடைப் பெண்கள், ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள். எல்லாருடைய சைக்கிளும் நடைபாதையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஒன்று விழுந்தால் வரிசையே விழும். சாயங்காலம் அடியில் மாட்டிக்கொண்டதை உருவி எடுப்பது தனி வேலை. ஒருத்தியின் பெடல் இன்னொருத்தியின் கம்பிக்குள் நுழைந்திருக்கும். கடைச் சுவரில் சாய்த்தால் கடைக்காரர் திட்டுவார். விளக்குக் கம்பத்தில் பூட்டினால் பூட்டை வெட்டுவார்கள். அவ்வப்போது நகராட்சி லாரி வந்து, இடைஞ்சல் என்று சொல்லி, கைக்குக் கிடைத்ததை அள்ளிப் போட்டுக்கொண்டு ஊர்க்கோடியில் இருக்கும் கிடங்குக்குப் போய்விடும். மீட்டு வரும்போது சக்கரம் கோணியிருக்கும், மணி காணாமல் போயிருக்கும்.

அக்காவின் சைக்கிள் இரண்டு தடவை அப்படிப் போய் வந்தது. இரண்டாம் தடவை அது திரும்பி வரும்வரை அவளால் வேலைக்கு வர முடியவில்லை. முதலாளி கத்துகிறவர் அல்ல. மாடி ஏறி வந்து, மெஷின் பக்கத்தில் நின்று, தணிந்த குரலில் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேம்மா. தப்பா நினைக்காதீங்க."

வேலை போனால் அவளுக்குப் போவது வேலை மட்டுமல்ல. கணவர் இறந்த பிறகு அவள் தம்பி வீட்டில் இருந்தாள். தம்பியும் நல்லவன், தம்பியின் மனைவியும் நல்லவள். ஆனாலும் அடுத்தவள் அடுக்களையில் தன் தட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ள ஓர் உரிமை வேண்டும். அந்த உரிமையை அவளுக்குக் கொடுத்தது அந்தத் தையல் மெஷின். காலையில் அவள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது தம்பியின் மனைவி, "மெதுவா போங்க அண்ணி" என்று வாசல்வரை வருவாள். வேலைக்குப் போகிறவர்களை வழியனுப்புகிற மாதிரி வருவாள்.

தம்பி நகராட்சியில் பொறியியல் பிரிவில் எழுத்தராக இருந்தான். பொறியாளர் எங்கே அளக்கப் போனாலும் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிப்பது அவன்தான் என்பதால் அலுவலகத்தில் அவனை டேப்பு என்று கூப்பிட்டார்கள். ஒரு நாள் அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, நகர மையங்களில் சைக்கிள் வசதி செய்ய மேலிடத்தில் ஒரு திட்டம் வந்திருக்கிறது, நம் ஊருக்கும் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு உண்டு, மனு வரும் இடத்தை அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார் என்றான். அக்கா சமையலறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, மறுபடியும் சொல்லு என்றாள். அவன் மறுபடியும் சொன்னான்.

அந்த மாதம் அந்த வீட்டில் நல்ல மாதம். மனுவைத் தம்பி எழுதினான். ஆஸ்பத்திரி முதல் ஓட்டல் வரை கடை கடையாகப் போய்க் கையெழுத்து வாங்கியவள் அக்கா. சிலர் கையெழுத்துப் போடப் பயந்தார்கள். அவர்களிடம் தன் காலைக் காட்டினாள். இடத்தை அளக்க ஒரு விடுமுறை நாள் காலையில் இருவரும் போனார்கள். பேக்கரி வாசலில் தம்பி குனிந்து நாடாவின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அக்கா சைக்கிளில் உட்கார்ந்தபடியே மருந்துக்கடை வரைக்கும் போனாள். "இன்னைக்கு டேப்பு நான்டா" என்று அங்கிருந்து அவள் சொன்னதைக் கேட்டு, சாலையைக் கூட்டிக்கொண்டிருந்தவர்கூடச் சிரித்தார்.

பொறியாளருக்கு இதில் அத்தனை மனமில்லை என்பது தம்பிக்குத் தெரியும். கடைக்காரர்கள் சங்கம் அதே இடத்தில் கார் நிறுத்தக் கோடு போட்டுத் தரும்படி அவரிடம் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் வரப்போகும் அதிகாரி நேர்மையானவர், பாராட்டும்படியான பெண்மணி, கண்ணால் பார்த்தால் ஒப்புக்கொள்வார் என்று தம்பி நம்பினான்.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் அவன் அக்காவிடம் வந்து உட்கார்ந்தான்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்த இடத்துல சைக்கிளே நிக்கக் கூடாதுக்கா."

ஏன் என்று கேட்டாள்.

"அந்தக் குவியலைப் பார்த்தா மேடம் என்ன நினைப்பாங்க? ஒழுங்கா நிறுத்தத் தெரியாதவங்களுக்கு எதுக்கு ஸ்டாண்டுன்னு போயிடுவாங்க. இடம் பளிச்சுனு இருக்கணும். பொறியாளரும் ரோடு சுத்தமா இருக்கணும்னு சொல்லிட்டார்."

அக்காவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு யாராவது வந்தால் கிழிந்த பாயை உள் அறைக்குள் தள்ளுகிறோம், துணி காயும் கொடியை அவிழ்க்கிறோம், குழந்தையின் மூக்கைத் துடைக்கிறோம். பெரியவர்கள் வரும்போது இல்லாமையைக் காட்டாமல் இருப்பது மரியாதை என்றுதான் இருவரும் வளர்ந்தார்கள். தம்பியின் அலுவலகத்திலும் அதுவே நடைமுறை. மேலிருந்து ஜீப் வருகிறது என்றால் அது போகும் வழியில் சாக்கடைக்கு மூடி வந்துவிடும், மறுநாள் அந்த மூடி இன்னொரு வழிக்குப் போய்விடும்.

அவள் முதலாளியிடம் கேட்டாள். கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தை அவர் உடனே திறந்துவிட்டார். ஒரு நாள் தன் கடை வாசல் காலியாக இருப்பதில் அவருக்கு என்ன கசப்பு? மறுநாள் காலையில் அக்கா கடைவீதியின் முனையில் நின்றுகொண்டு, வந்த ஒவ்வொருவரையும் முற்றத்துக்கு அனுப்பினாள். பாத்திரம் தேய்க்கிற பெண் ஒருத்தி முணுமுணுத்தாள், சைக்கிளுக்கு இடம் கேட்கிறோம், சைக்கிளை ஏன் ஒளிக்கிறோம் என்று. "வாயை மூடிட்டு உள்ள வைம்மா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று அக்காதான் அவளைத் தட்டிக்கொடுத்தாள்.

பிறகு நகராட்சிக்காரர்கள் வந்து நடைபாதையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். விளிம்புக்கு வெள்ளை அடித்தார்கள். அலுவலக வாசலில் இருக்கும் பூந்தொட்டிகளை வண்டியில் ஏற்றிவந்து இறக்கினார்கள். அக்கா மாடி ஏறிப் போய் மெஷினில் உட்கார்ந்து பலகையின் இடைவெளி வழியாகப் பார்த்தாள். அத்தனை வருடத்தில் அந்த நடைபாதையின் கல் என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஜீப் வந்தது. தோளில் ஒரு துணிப்பையோடு அதிகாரி இறங்கினார். கூடவே பொறியாளர், கடைக்காரர்கள் சங்கத்தின் சார்பில் அக்காவின் முதலாளி, நாடாவோடு தம்பி. பேசுவது எதுவும் மேலே கேட்கவில்லை. அதிகாரி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், பையிலிருந்து மனுவை எடுத்துப் புரட்டினார். பிறகு இரண்டு கைகளையும் விரித்தார்.

ஆவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். "என்னக்கா, எதையோ தொலைச்ச மாதிரி தேடுறாங்க. சைக்கிள் எங்கன்னு கேக்கறாங்களோ?" என்றான். அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான்.

அக்காவின் கை மெஷினின் சக்கரத்தில் அப்படியே நின்றது.

கீழே பொறியாளர் சிரித்துக்கொண்டே கையை நீட்டி வீதியின் மறுகோடிக்கு அப்பால், பூங்கா இருக்கும் திசையைக் காட்டினார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார். அதிகாரியும் திரும்பினார். தம்பி ஒரு கணம் தலையைத் தூக்கிப் பெயர்ப்பலகையைப் பார்த்தான். அக்கா அங்கே இருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். பிறகு தலையைக் குனிந்து, ஆட்டினான்.

அக்கா ஜன்னலைத் தட்டினாள். ஆணி அடித்த ஜன்னல், பலகைக்கு அந்தப் பக்கம் தெருச் சத்தம். "ஓடுடா, பின்னாடி இருக்குன்னு சொல்லு" என்று ஆவியை விரட்டிவிட்டுத் தானும் எழுந்தாள். அந்த மாடிப்படியில் இறங்க அவளுக்கு ஒரு முறை உண்டு. கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்து, சுவரைப் பார்த்துத் திரும்பி, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக, நல்ல காலை மேலே விட்டுக் கெட்ட காலை முதலில் இறக்க வேண்டும். எதிரே ஒரு குடும்பம் பைகளோடு ஏறி வந்தது. அவர்கள் போகும்வரை ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது.

கீழே வந்தபோது ஆவி கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே, சட்டை மாட்டிய பொம்மைக்குப் பக்கத்தில் இன்னொரு பொம்மை மாதிரி நின்றுகொண்டிருந்தான். "முதலாளி அவங்களோட நின்னாருக்கா" என்றான். அக்கா கதவைத் தள்ளி வெளியே வந்தாள். ஜீப் ரவுண்டானாவில் திரும்பிக்கொண்டிருந்தது. கழுவிய நடைபாதையில் அவளும் பூந்தொட்டிகளும் மட்டும் நின்றார்கள். சற்று நேரத்தில் வண்டி வந்து தொட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

அன்று சாயங்காலம் தம்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்வரை காத்திருந்து கேட்டாள்.

"நீ தலையை ஆட்டினியே, அதுக்கு என்ன கேட்டாங்க?"

அவன் தண்ணீர் குடித்தான். பிறகு நடந்ததைச் சொன்னான். சைக்கிள் எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஸ்டாண்டு போடுவது என்பது திட்டத்தின் விதியாம். அந்தச் சுற்றறிக்கை பொறியாளரின் மேசையோடு நின்றுவிட்டது, இவன் பார்த்ததில்லை. மனுவில் குவியல் குவியலாக நிற்கும் என்று எழுதியிருக்கிறது, நான் அந்தக் குவியலைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், எங்கே குவியல் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது, எப்போதாவது ஒன்றிரண்டு வரும், பூங்கா வாசலில்தான் கூட்டம் என்று பொறியாளர் சொல்லிவிட்டு இவனிடம், என்னப்பா, அப்படித்தானே என்றிருக்கிறார்.

"பின்னாடி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல வரலியா உனக்கு?"

"எப்படிக்கா சொல்றது? நீங்க வர்றீங்கன்னு ஒளிச்சு வச்சோம்னா? யார் ஒளிக்கச் சொன்னதுன்னு அடுத்த கேள்வி வரும். நான் நாளைக்கும் அவருக்கு எதிர்லதான் உட்காரணும்."

 அக்கா சம்பந்தமில்லாததைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்டர் வந்த அன்னைக்குச் செருப்பு இல்லாத பிள்ளைங்களை எல்லாம் சமையல் கொட்டகைக்குப் பின்னால உட்கார வச்சாங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அந்த வருஷம் செருப்பு வந்துச்சா?"

அவனும் அன்று அவள் பக்கத்தில்தான், மண்ணில் காலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அக்கா அதோடு விட்டுவிடவில்லை. நடந்தது நடந்தபடி அதிகாரிக்குத் தானே ஒரு மனு எழுதித் தபாலில் போட்டாள். மேலிடத்துக்குப் போன மனு, உரிய நடவடிக்கைக்காக என்ற குறிப்போடு கீழே இறங்கிப் பொறியாளரிடம் வந்தது. பொறியாளர் அதைத் தம்பியிடம் தள்ளி, ஒரு பதில் போட்டுவிடு என்றார். சில நாள் கழித்து வீட்டுக்குத் தபால் வந்தது. தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது, கள ஆய்வில் குறிப்பிட்ட இடத்தில் தேவை இருப்பதாகத் தெரியவரவில்லை என்று இருந்தது. கீழே பொறியாளரின் கையெழுத்து. எழுத்து தட்டச்சுதான், ஆனால் தேவை என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டு தடவை யோசித்து எழுதிய வாக்கியம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதல் மனுவை எழுதியவனும் அவன்தான். அவள் அதை மடித்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அவன் எழுந்து கையைக் கழுவிவிட்டுப் போனான்.

பூங்கா வாசலில் ஸ்டாண்டு வந்தது. குறை சொல்ல முடியாத ஸ்டாண்டு. பளபளக்கும் எஃகு வளையங்கள், மேலே மழைக்குக் கூரை, காற்றடிக்கும் பம்பு, அதற்கு ஒரு சங்கிலி. விடுமுறை நாள்களில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, விலை உயர்ந்த சைக்கிள்களில் உடம்பைக் குறைக்க வருகிறவர்கள் அங்கே வருவார்கள். அவர்கள் சைக்கிளை விட்டு இறங்கவே மாட்டார்கள், பூங்கா ஏரியைச் சுற்றிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். மற்ற நாளில் அங்கே ஒரு நாய் படுத்திருக்கும்.

அதோடு முடிந்திருந்தால் எதுவும் மாறியிருக்காது. குவியலும் லாரியும் பழையபடி இருந்திருக்கும். ஆனால் இப்போது ஊருக்கு முறையான நிறுத்துமிடம் வந்துவிட்டது. ஆகவே வேறெங்கும் நிறுத்தக் கூடாது. கடைவீதியில், பேக்கரிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே, சைக்கிள் நிறுத்தாதீர், நிறுத்துமிடம் பூங்கா வாசல் என்று அம்புக்குறியோடு பலகை நட்டார்கள். நடைபாதையைப் பாதியாக வெட்டி, கார் நிறுத்தக் கோடு போட்டார்கள். லாரி தினமும் வந்தது.

கையெழுத்துப் போட்டவர்கள் அக்காவிடம் வந்து கேட்டார்கள். முணுமுணுத்த அந்தப் பாத்திரம் தேய்க்கிற பெண் மட்டும் எதுவும் கேட்கவில்லை. தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதுதான் அக்காவுக்கு அதிகம் சுட்டது.

பூங்கா வாசலிலிருந்து கடைக்கு, காலுள்ளவர்கள் பேசிக்கொண்டே நடந்து வந்துவிடுவார்கள். அக்கா முதல் நாள் இருட்டு விலகும் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பினாள். வளையத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, ஒரு கடை வாசலுக்கும் அடுத்த கடை வாசலுக்கும் நடுவே நின்று நின்று வந்தாள். கடைக்குள் நுழைந்தபோது பாதிக் காலைப்பொழுது போயிருந்தது. படி ஏறியதும் ஆவி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டான். மறுநாள் கால் வீங்கியிருந்தது. வீங்கிய காலோடு வந்தாள். அதற்கு அடுத்த வாரம் முதலாளியிடம் போய், பின்முற்றத்தில் தன் சைக்கிள் ஒன்றை மட்டும் விட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்களேம்மா. அதுவுமில்லாம அங்க இப்ப சரக்கு இறக்கறோம். அன்னைக்கு விட்டது அன்னைக்கு." கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கும் வயசாகுது. வீட்டுல உட்கார்ந்து ரெஸ்ட் எடுங்களேன்" என்றார்.

கத்தரிக்கோலும் விரலுறையும் அவளுடையவை. அவற்றைத் துணியில் சுற்றிக்கொண்டாள். ஆவி கீழே வாசல்வரை வந்தான். பூங்கா வாசல்வரை துணைக்கு வருகிறேன் என்றான். வேண்டாம், துணி கருகிடும் என்றாள்.

முதல் சில நாள் தம்பியின் மனைவி அவளைக் கட்டிலைவிட்டு எழவிடவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். எண்ணெய் தேய்த்துவிட்டாள். பிறகு ஒரு நாள், அடுப்படியிலிருந்து, "அண்ணி, சும்மாதானே இருக்கீங்க, இந்த வெங்காயத்தை உரிச்சுக் கொடுங்களேன்" என்றாள். அதில் தவறு ஒன்றும் இல்லை. உரித்துக் கொடுத்தாள். அடுத்த நாள் துணி மடித்தாள். சும்மாதானே என்ற அந்த ஒரு சொல் நாளுக்கு நாள் முன்னால் வந்தது. கடைசியில் அண்ணி என்ற சொல்லுக்கும் முன்னால் வந்து நின்றது. காலையில் வாசல்வரை வழியனுப்ப இப்போது ஆள் இல்லை, ஏனென்றால் போகிறவர் இல்லை. சைக்கிள் உள்வாசலில் சுவரோடு சாய்ந்து நின்றது. தம்பி அதைத் தாண்டித்தான் அலுவலகம் போவான், அதைத் தாண்டித்தான் வருவான்.

ஸ்டாண்டுக்குத் திறப்பு விழா மட்டும் பாக்கி இருந்தது. தலைவர்களின் நாள் கிடைக்காமல் மாதக்கணக்கில் தள்ளிப் போய், ஒரு வழியாகத் தேதி வந்தது. விழாவுக்கு முந்தைய நாள் சாயங்காலம் தம்பி அக்காவின் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அக்கா, நாளைக்கு ஸ்டாண்டு திறக்கறாங்க."

"தெரியும். பேப்பர்ல வந்துச்சு."

"அந்த மேடமும் வர்றாங்க. ஸ்டாண்டு காலியா இருந்தா நல்லா இருக்காதாம். பொறியாளர் பத்து சைக்கிளாவது கொண்டுவந்து நிறுத்தச் சொல்றார்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உனக்கு எல்லாரையும் தெரியும். நீ சொன்னா கேப்பாங்க. ஒரு நாள் மட்டும்."

அக்கா அவனையே பார்த்தாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது; தம்பியின் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரும் என் பேச்சை இப்ப கேக்கறதில்லடா" என்றாள். "அன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஒளிச்சு வைக்கச் சொன்ன. ஊரையே கூப்பிட்டு ஒளிச்சு வச்சேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் காட்டச் சொல்ற."

தலையணைக்கு அடியில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். வேலையை விட்ட நாளிலிருந்து அது அங்கேதான் இருந்தது.

"இந்தா. என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். எடுத்துட்டுப் போ."

அவன் உடனே வாங்கவில்லை. அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவன் அந்தச் சைக்கிளை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு போனான். டயரில் காற்று இல்லை. விழா நன்றாகத்தான் நடந்ததாம். வேறு சைக்கிள்களைப் பொறியாளர் ஒரு சைக்கிள் கடையிலிருந்து இரவலாக வாங்கி நிறுத்தினாராம், எல்லாம் புத்தம் புதியவை, கைப்பிடியில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. உண்மையில் ஓட்டிய சைக்கிள் ஒன்றுதான். அந்த அதிகாரி அதன் முன்னால் நின்று, கூடையில் ஒட்டிக்கிடந்த நூலைப் பார்த்துவிட்டு, இது யாருடையது, அவரோடு பேச வேண்டுமே என்று கேட்டாராம். வேலைக்குப் போயிருக்கிறார் மேடம் என்று பொறியாளர் சொன்னாராம்.

இதைத் தம்பியே அக்காவிடம் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவனால் இருக்க முடியவில்லை.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

அவன் சாவியை விரல்களுக்கிடையே திருப்பிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை தலையைக்கூட ஆட்டவில்லை. பிறகு, "சாயங்காலமே போய்ச் சைக்கிளை எடுத்துட்டு வந்துடறேன்க்கா" என்றான்.

"எதுக்கு? அங்கேயே நிக்கட்டும். மழை படாது."

அவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கொடுக்கவும் தோன்றவில்லை, பையில் போட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை. அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "சும்மாதானே இருக்கீங்க அண்ணி, இந்தச் சட்டைக்கு ஒரு பட்டன் தைச்சுக் கொடுங்களேன்."

அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். அது தம்பி மறுநாள் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டை. கழுத்துக்குக் கீழே முதல் பட்டன் அறுந்திருந்தது. துணியில் சுற்றி வைத்திருந்த கத்தரிக்கோலைப் பிரித்து எடுத்து, வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, ஊசியில் நூலைக் கோத்தாள்.